ஜப்பானுக்கு மொட்டை

அந்த நாற்காலி வேண்டாம் அக்கா, இதில் உட்காருங்கள். நாய் வாசலைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அதற்கு நேருக்கு நேர் ஆகிவிடும். கண்ணைப் பார்க்காதீர்கள். உங்களுக்குத் தெரியாததா, கோத்தகிரியில் இதே ஜாதி நாய் நாலைந்து வைத்திருக்கிறீர்களாமே. அங்கே குளிரும், இவற்றுக்குச் சரிப்படும். எனக்கும் சரிப்படும், இது அங்கே இருந்தால்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அத்தை, என் மாமியார், அவிநாசியில் ஒரு சீருக்குப் போயிருக்கிறார்கள். சீர் என்னவோ சாயங்காலம்தான். காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நீங்கள் நாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதைப் பார்க்க முடியாதாம். என் கணவருக்குப் பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட். ஆக, நான் இருக்கிறேன். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் இந்த வீட்டில் வான்மதி இருப்பாள்.

எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்கிறீர்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சரி, சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

வயது மூன்று. ஆண். எடை நாற்பத்திரண்டு கிலோ இருந்தது, இப்போது முப்பத்தாறு. சர்டிபிகேட்டில் ஒரு நீளமான பெயர் உண்டு, இந்த வீட்டில் யார் வாயிலும் அது நிற்கவில்லை. கம்பெனியில் செக்கிங் செய்கிற பெண்கள் ஜப்பான் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஒசாகாவிலிருந்து பனியன் வாங்க வந்த பையர் ஒருவர் போனில் தன் நாயின் படத்தைக் காட்டினாராம். அடுத்த முறை அவர் வரும்போது இங்கேயும் ஒன்று நிற்க வேண்டும் என்று என் கணவர் பெங்களூரில் சொல்லிவைத்து வாங்கினார். அந்தப் பையர் அப்புறம் வரவே இல்லை. அது வேறு கதை.

அது வந்தது ஆனியில். நான் வந்தது ஆவணியில். கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருவரும் இருக்கிறோம். எனக்கு மாலை, அதற்கு ரிப்பன். பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தில்தான் நிற்பார்கள், காது எவ்வளவு அழகு, வால் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று. பக்கத்தில் இருக்கிற கையும் கொஞ்சம் முந்தானையும் நான்.

நான் எம்.எஸ்சி. விலங்கியல். "ஜுவாலஜி படிச்ச புள்ளை, நாயெல்லாம் அவ பாத்துக்குவா" என்றார்கள் அத்தை, நான் வந்த நாலாம் நாள். நான் படித்தது மண்புழுவும் கரப்பானும். நாயை எந்த லேபிலும் அறுத்ததில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் என் சுபாவம் உங்களுக்குத் தெரியாது. நான் பேச மாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது, தரையைப் பார்த்துக்கொண்டே காரியத்தை முடித்துவிடுவேன். இன்று உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நீங்கள் மறுபடி வரப் போவதில்லை என்பதால்தான்.

மிருக டாக்டர் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார், நாற்பது பக்கம். இந்த ஜாதியை எப்படி வளர்ப்பது என்று. வீட்டில் நான் ஒருத்திதான் அதைப் படித்தேன், மூன்று முறை. கேளுங்கள், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். இது காவலுக்கென்றே வந்த ஜாதி. வீணாகக் குரைக்காது. பூனை மாதிரி உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். வேறு நாயைக் கண்டால் ஆகாது. கண்ணைக் கண் பார்த்தால் சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். தலைக்கு மேலே கையை நீட்டக் கூடாது. ஓயாமல் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தானாக வரும்வரை விட்டுவிட வேண்டும். எல்லாரோடும் ஒட்டாது, வீட்டில் ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்ளும்.

அது அத்தையைத் தேர்ந்துகொண்டது. பின்னே, இந்த வீட்டில் வேறு யார்? அத்தைதான் அதைக் கொஞ்சுவார்கள். கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள், முகத்துக்கு நேராக முகத்தை வைத்து "எஞ்சாமி, என்னைப் பாரு" என்பார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவு வெட்கம். நான் ஒன்றும் செய்ததில்லை. கண்ணைப் பார்த்ததில்லை, கையை நீட்டியதில்லை, இந்த மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் உண்டு, என் வேலை உண்டு.

அப்படி இருந்தும் அது என்னை விட்டதா?

நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே படுத்திருக்கும். மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் படிக்கட்டில் குறுக்கே. சமையலறையில் நின்றால் வாசற்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு. யாராவது என்னைத் தேடி வந்தால் எழுந்து நிற்கும். ஒரு சத்தம் கிடையாது, சும்மா நிற்கும். என் அம்மா வந்தபோது என்னுடைய அறைக்குள்ளேயே விடவில்லை. அம்மா கூடை நிறைய முறுக்கோடு நடையில் நிற்கிறாள். அத்தை சிரித்துக்கொண்டே, "காவலுங்க சம்பந்தி, மருமவளுக்குக் காவலு" என்றார்கள். கேட்டீர்களா? அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். நான் எங்கே போகிறேன், யாரிடம் போனில் பேசுகிறேன் என்று பார்ப்பதற்கு அத்தைக்கு ஓர் ஆள். அந்த ஆளுக்கு நாலு கால்.

சாப்பாட்டிலும் அதே திமிர். மத்தி மீனும் சோறும், கொஞ்சம் பூசணிக்காய், உப்பில்லாமல். நான் வைத்தால் சாப்பிடும். அத்தை வைத்தால் முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கும். என்ன அர்த்தம்? நீதான் பரிமாற வேண்டும், நீதான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று. எஜமானியம்மா வைத்தால் மரியாதைக் குறைவாம், வேலை செய்கிறவள் வைக்க வேண்டுமாம்.

அப்புறம் அந்த ரோமம். அதைக் கேளுங்கள். மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு. வருஷத்துக்கு இரண்டு முறை அடிப்பஞ்சு மொத்தமும் கழன்று வரும். சாம்பாரில் முடி, தலையணையில் முடி, சாமி படத்து மாலையில் முடி. சிறுபல் சீப்பை வைத்து ஒரு மணி நேரம் வாரினால் ஒரு உரச்சாக்கு நிறையும். யார் வாருவது? நான்தான். அதுவோ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும், என் மடிமேல் காலைப் போட்டுக்கொண்டு. நாற்பத்திரண்டு கிலோவில் கால் எவ்வளவு கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தை மாதம் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. மூக்கில் ரத்தம். டாக்டர் இரண்டு நாள் போகட்டும் என்றார். அத்தை அழுத அழுகையைப் பார்க்க வேண்டுமே. எங்கள் வீட்டுக் குலசாமி தாராபுரம் தாண்டி ஒரு வெட்டவெளியில் இருக்கிறது, காவல் சாமி. அந்தத் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, பிழைத்தால் சித்திரைச் சாட்டுத் திருவிழாவுக்குக் கூட்டிவந்து மொட்டையடிக்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தார்கள். மொட்டை, நாய்க்கு.

அதற்கு முந்திய ஐப்பசியில் எனக்கு டெங்கு. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. தட்டணுக்கள் இருபதாயிரத்துக்கு இறங்கிவிட்டன. எனக்காக யாரும் ஒரு தேங்காய்கூட நேர்ந்துகொள்ளவில்லை. அத்தை தினமும் வந்து கட்டில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் அவர்கள் செருப்புப் போடுவதையும் விட்டார்கள். மழை, சேறு, ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடித் துண்டு கிடக்கிறது, வெறுங்காலோடு வருவார்கள். நாற்பத்தெட்டு நாள். கறியும் தொடவில்லை. அந்த வயதில் பாதத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போய் வந்தார்கள், அதற்கப்புறம் செருப்புப் போட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்காகச் செய்யாதவர்களிடம் என்ன கேட்பது?

நாய் பிழைத்துக்கொண்டது. சித்திரை வந்தது, கத்திரி வெயில்.

அந்தப் புத்தகத்தில் இருபத்துமூன்றாம் பக்கம். கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. இந்த ஜாதிக்கு எக்காரணம் கொண்டும் ரோமத்தைச் சிரைக்கக் கூடாது. குளிருக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் அதுதான் போர்வை. எடுத்தால் தோல் வெந்துவிடும், திரும்ப முளைக்காமலும் போகலாம். படித்திருக்கிறேன் என்றேனே, மூன்று முறை.

என்னை யார் கேட்டார்கள்? மாசி முழுக்க, பங்குனி முழுக்க இதே பேச்சு. யார் யாருக்குச் சொல்வது, கிடா எத்தனை, பந்தல் யார். ஒருவராவது வான்மதி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்களா? நான் சொன்னால் மட்டும் நடக்கப் போகிறதா? சாமிக்கு நேர்ந்ததைப் போய் மருமகள் தடுத்தாள் என்று வரும். தொண்டைவரை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கோயிலுக்குக் கிளம்புகிற அன்று காலையில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். வீடு பெருக்கும்போது குறுக்கே கிடந்தது, அதனால்.

கோயிலில் முடி எடுக்கிறவர் மாட்டேன் என்றுவிட்டார். பூசாரிக்கும் யோசனைதான். அத்தை விடுவார்களா? "காவல் சாமிக்குக் காவல்நாய் முடி குடுத்தா ஆவாதுங்களா? நீங்க சாமியக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். பூசாரி மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அத்தை முன்னாடியே ஓர் ஆளைச் சொல்லிவைத்திருந்தார்கள், சென்னியப்பன் என்று, குறும்பாட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவர். பெரிய கத்தரியோடு வந்தவர் இதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஏனுங்க, ஆடுன்னுதானுங்க சொல்லியுட்டீங்க."

"ஆட்டாட்டந்தான் நிக்கும், நீ பயப்படாத" என்றார்கள் அத்தை.

நிற்கவில்லை. என் கணவர் சங்கிலியைப் பிடித்தார், அவரை இழுத்துக்கொண்டு போய் மரத்தில் மோதியது. அத்தை பிடித்தார்கள், உறுமியது. பங்காளிகள் எல்லாம் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கோணிப்பையைப் போட்டு மூடச் சொன்னார், இன்னொருவர் பேசாமல் வாலில் நாலு மயிரை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுக் கறிச்சோற்றுக்குப் போகலாம் என்றார். அதைக் கேட்டிருக்கலாம். அத்தை என்னைப் பார்த்தார்கள்.

"அம்மிணி, நீ வந்து புடி கண்ணு. நீ புடிச்சா நிக்கும்."

நான் பிடித்தேன்.

கீழே உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். அது முகத்தை என் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டது. மூச்சு சேலைக்குள் சுட்டது. கத்தரி முதுகில் படும்போதெல்லாம் உடம்பு ஒரு தடவை வெட்டும், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் அக்கா. ஆடுகூட அப்படி நிற்காது என்று சென்னியப்பன் சொன்னார். அது ஒருமுறை திமிறியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். எல்லாருக்கும் அரை மனசுதான் அப்போது. திமிறவில்லை. அது அதன் தப்பு.

முடி போன பிறகு பார்த்தால் வேறு ஏதோ பிராணி. ரோஸ் நிறத்தில், எலும்பும் தோலுமாக, தலை மட்டும் பெரிதாக. மொட்டைத் தலைக்குப் பூசுகிற மாதிரி அத்தை உடம்பு முழுக்கச் சந்தனம் பூசினார்கள். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உச்சி வெயிலில் மதிலைச் சுற்றி மூன்று சுற்று. அதையும் நான் முன்னால் நடந்தால்தான் நடந்தது.

மறுநாள் தோல் சிவந்தது. மூன்றாம் நாள் கொப்புளம். ஒரு வாரத்தில் முதுகு முழுக்கப் புண், நீர் வடிகிறது, ஈ மொய்க்கிறது. இப்போது நீங்கள் பார்க்கிற அந்தத் திட்டுத் திட்டான முடி இரண்டு மாத மருந்துக்கு அப்புறம் வந்தது. நடு முதுகில் இனிமேல் வராது என்கிறார் டாக்டர். முதல் நாள் அவர் கத்தினார். "உங்களுக்குப் புத்தகம் குடுத்தேனே, வீட்ல ஒருத்தர்கூடவா படிக்கலை?" எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அத்தை உடனே நடுவில் வந்து, "அவ என்னங்க பண்ணுவா, பேசாத புள்ளை. எல்லாம் எம் புத்திங்க" என்றார்கள். எப்படி இருக்கும் எனக்கு? ஒரு முதுகலைப் பட்டதாரியை, டாக்டர் முன்னால், ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடியைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? வைகாசியில். மருந்து போடும்போது கடித்துவிட்டது என்று அத்தை போனில் சொல்லியிருப்பார்கள். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்கிறார்கள். நடந்தது அதுவல்ல. நீங்கள் கொண்டுபோகிறவர்கள், உங்களுக்கு உண்மை தெரிய வேண்டும்.

ஒரு முகூர்த்தத்துக்காக என் பட்டுப்புடவை ஒன்றை எடுக்க அத்தை பீரோவைத் திறந்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். புத்தகம் கீழே விழுந்தது. இருபத்துமூன்றாம் பக்கம் மடித்திருந்தது, நான் எப்போது மடித்தேன் என்று நினைவில்லை. அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நின்றபடியே விரலை வைத்து அந்தக் கட்டத்தை முழுக்கப் படித்தார்கள். எவ்வளவு நேரம் தெரியுமா? அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். என்ன சொல்வது?

அவர்கள் கத்தவில்லை. பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தார்கள். "தெரிஞ்சேவா கண்ணு புடிச்ச?" என்றார்கள்.

பிடி கொஞ்சம் இறுகியது. அவ்வளவுதான், ஜன்னல் ஓரத்தில் படுத்திருந்தது எழுந்து வந்து அவர்கள் மணிக்கட்டை வாயில் பிடித்துவிட்டது. பிடித்தது, கடிக்கவில்லை. கடித்திருந்தால் கை இருந்திருக்காது. அவர்களாக இழுத்துக்கொண்டதில்தான் கிழிந்தது. ஏழு தையல். பாருங்கள், அத்தை சோறு போட்டு வளர்த்த நாய், அத்தையையே கடிக்கிறது. நன்றிக்குப் பெயர்போன ஜாதி என்று அந்தப் புத்தகத்தில் வேறு போட்டிருக்கிறார்கள்.

புத்தகத்தைப் பற்றி அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. தன் மகனிடம்கூட. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எப்போதாவது என் முகத்தில் எடுத்து வீசலாம் என்று வைத்திருக்கிறார்கள் போல. அதனால்தான் எனக்கு இன்னும் நிம்மதி இல்லை.

அப்புறம் குடும்பமே கூடியது. நாயை என்ன செய்வது? என் கணவர் கூண்டு கட்டலாம் என்றார். அவருடைய சித்தப்பா ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார். அத்தை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, புண்பட்ட ஜீவன், இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். எனக்கு என்ன வந்ததோ, இந்த வீட்டில் மூன்று வருஷத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தேன். "அனுப்பிரலாம்" என்றேன். அவ்வளவுதான். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் சரி என்றார். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வான்மதி சொன்னாச் செரி" என்றார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மறுநாளே உங்களுக்குப் போன்.

என்ன அக்கா, துணியா? புரிகிறது. புது இடத்தில் முதல் சில நாள் சாப்பிடாது, பழகினவர் உடுத்தின துணி ஒன்று கூட இருந்தால் தேவலை. இருங்கள், எடுத்து வருகிறேன்.

இந்தாருங்கள். அத்தையின் புடவை, நேற்றுக் கட்டியது, துவைக்கவில்லை. அதன் முன்னால் போடுங்கள்.

அதற்கு மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு மூக்கு மழுங்கிவிட்டது. அதனால்தான் புடவையைத் தாண்டிக்கொண்டு இங்கே வந்து படுக்கிறது. என் கால்மேல்தான் படுக்க வேண்டும் அதற்கு, இவ்வளவு பெரிய கூடத்தில்.

என்னுடையதா? எதற்கு? இல்லை அக்கா, தர மாட்டேன். இந்தத் துப்பட்டா தீபாவளிக்கு எடுத்தது. நான் யார் அதற்கு? சீப்பைப் பிடித்தவள், தட்டை வைத்தவள். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான்தான் சொன்னேனே, அது அத்தையின் நாய் என்று.

வாருங்கள், நேரமாகிறது. இழுக்க வேண்டாம், உங்கள் டிரைவரைச் சங்கிலியை விடச் சொல்லுங்கள். இழுத்தால் வராது. நான் முன்னால் வண்டியில் ஏறுகிறேன், பின்னாலேயே ஏறிவிடும். இதோ, ஏறிவிட்டது பாருங்கள். உட்காரக்கூட உட்கார்ந்துவிட்டது. நான் இந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கிக்கொள்கிறேன். இறங்கின உடனே சாத்திவிட வேண்டும், யோசிக்கக் கூடாது.

சாப்பிடவில்லை என்றால் எனக்குப் போன் செய்யாதீர்கள். அத்தை நம்பர் உங்களிடம் இருக்கிறதல்லவா? அவர்களிடம் சொல்லுங்கள். அழுவார்கள், அழுதுவிட்டு எதையாவது செய்வார்கள்.

நான் இறங்கிவிட்டேன், ஏன் அக்கா நிற்கிறீர்கள்? அது ஒன்றும் செய்யாது. சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அத்தை வரட்டும் என்றெல்லாம் வேண்டாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான்தான் சொல்கிறேனே. சாத்துங்கள்.